அரை வாடகை, முக்கால் வாடகை: பெங்களூரு வீட்டுக்காரர்களின் கேள்விகளும் என் பதில்களும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் வக்கீல் இல்லை. மேயோ ஹால் கோர்ட்டில் ஒரு சிவில் வக்கீலுக்குக் குமாஸ்தாவாக முப்பது வருஷம் கேஸ் கட்டு தூக்கியவன். அல்சூரில் மூன்று போர்ஷன் வாடகைக்கு விட்டிருக்கிறேன். இன்றைக்கு வாடகையைக் குறைத்துத் தருகிறவர்களைப் பற்றி மட்டும் கேளுங்கள்.

ஈஜிபுராவிலிருந்து ஒரு அம்மா: மாடி போர்ஷனுக்கு வாடகை 14,000. ஜனவரியிலிருந்து ஜூலை வரைக்கும் மாசம் 10,000 மட்டும் ஜிபேயில் போடுகிறான். எந்த மாசத்துக்கு என்று எழுதுவதில்லை. கேட்டால், “அடுத்த மாசம் சேர்த்துத் தர்றேன் ஆன்ட்டி.” வாங்காமல் திருப்பி அனுப்பிவிடட்டுமா ஐயா?

திருப்பி அனுப்பாதீர்கள் அம்மா. பணத்தை வாங்கிக்கொள்ளுங்கள். ஏழு மாசமாக வாயே திறக்காமல் வாங்கியதுதான் தப்பு. நாளைக்கு கோர்ட்டில் அவன் என்ன சொல்வான் தெரியுமா? “வீட்டுக்கார அம்மாவே வாய்வார்த்தையாக 10,000 என்று குறைத்துவிட்டார், ஏழு மாசமாக ஒரு ஆட்சேபமும் இல்லை.” அதற்கு பதில் சொல்ல உங்களிடம் ஒரு துண்டுத்தாள்கூட இல்லை.

இப்போது கணக்கைக் கொஞ்சம் வேறு மாதிரி பாருங்கள். 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 59, 60, 61 என்று மூன்று பிரிவுகள். பணம் கொடுப்பவன் “இது இன்ன பாக்கிக்கு” என்று சொல்லிக் கொடுத்தால், வாங்குகிறவர் அதற்குத்தான் வரவு வைக்க வேண்டும். அவன் சொல்லாவிட்டால், எந்தப் பாக்கிக்கு என்பது வாங்குகிறவர் இஷ்டம். இரண்டு பேரும் பேசாமல் இருந்தால் பழைய பாக்கிதான் முதலில் கழியும்.

உங்களுக்கு வந்தது மொத்தம் 70,000. அது சரியாக ஐந்து மாச வாடகை. அதாவது ஜனவரியிலிருந்து மே வரை முழுசாகத் தீர்ந்தது; ஜூன், ஜூலை இரண்டு மாசத்துக்கு ஒரு பைசா வரவில்லை. பாக்கி அதே 28,000தான். ஆனால் “மாசா மாசம் கொஞ்சம் குறைகிறது” என்பது வேறு, “இரண்டு மாசமாக வாடகையே வரவில்லை” என்பது வேறு. நோட்டீஸில் இரண்டாவதுதான் உறைக்கும். இன்னொரு லாபம்: வாடகை பாக்கிக்கு வழக்குப் போட மூன்று வருஷம்தான் கெடு. பழையது கழிந்துகொண்டே போனால், பாக்கி எப்போதும் புதுசாகவே நிற்கும்.

இன்றைக்கே வாட்ஸப்பில் இதை அனுப்புங்கள்: “இதுவரை நீங்கள் அனுப்பிய 70,000 ரூபாயை ஜனவரி முதல் மே வரையிலான வாடகைக்கு வரவு வைத்திருக்கிறேன். ஜூன், ஜூலை வாடகை 28,000 பாக்கி. மாத வாடகை 14,000தான். அதைக் குறைக்க நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ளவில்லை.” இனி ஒவ்வொரு முறை பணம் வந்ததும், அன்றைக்கே, இதே மாதிரி ஒன்று. வெறும் 500 ரூபாய் வந்தாலும் எழுதுங்கள்.

லிங்கராஜபுரம்: பாதி வாடகைதானே தருகிறான், கரண்டைப் பாதி நாள் நிறுத்தினால் என்ன?

வேடிக்கையாகக் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். ஃப்யூஸ் கட்டையைத் தொடாதீர்கள். கரண்ட் அடிப்படைத் தேவை என்று 2022-ல் சுப்ரீம் கோர்ட்டே சொல்லியாயிற்று. அதுவரை குற்றவாளி அவன். ஃப்யூஸைப் பிடுங்கிய நிமிஷத்திலிருந்து நீங்கள்.

பானஸ்வாடி: ரென்ட் கண்ட்ரோல் சட்டத்தில் போடலாமா அண்ணா? வாடகை 18,000.

முடியாது. 1999-ஆம் வருஷத்து கர்நாடக வாடகைச் சட்டம் பெங்களூரில் மாசம் 3,500 ரூபாய்க்கு மேல் வாடகை உள்ள வீட்டுக்குப் பொருந்தாது. உங்களுக்கு 1882-ஆம் வருஷத்து சொத்து மாற்றுச் சட்டம்தான்.

விவேக்நகர்: நோட்டீஸ் எப்படி விடுவது? வாடகை பாக்கி என்று காரணம் எழுதலாமா?

நல்ல கேள்வி. முதலில் அக்ரிமென்ட்டை எடுத்துப் பாருங்கள். பதினொரு மாசம் முடிந்து, புதுப்பிக்காமல் மாசா மாசம் ஓடுகிறதென்றால் சொத்து மாற்றுச் சட்டத்தின் 106-ஆம் பிரிவு: பதினைந்து நாள் நோட்டீஸ், காரணம் எதுவும் வேண்டாம். நோட்டீஸ் அவர் கைக்குக் கிடைத்த நாளிலிருந்து நாள் எண்ணுங்கள். பதிவுத் தபால் 2025-ல் ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது. அதில் அனுப்பி, கொடுத்ததற்கான அத்தாட்சியைப் பத்திரமாக வையுங்கள்.

அக்ரிமென்ட் காலம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் விஷயம் வேறு. “இத்தனை மாசம் வாடகை தவறினால் வீட்டைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்” என்று அதில் ஒரு வரி இருக்க வேண்டும். நம் ஆட்கள் அந்த ஒரு வரியைத் தவிர எல்லாம் எழுதியிருப்பார்கள், பெயின்ட் அடிக்க ஒரு மாச வாடகை உட்பட. வரி இருந்தாலும் 114-ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு: விசாரணையின்போது பாக்கி, வட்டி, கோர்ட் செலவு எல்லாவற்றையும் அவர் கட்டிவிட்டால், அவரை இருக்க விடலாம் என்று கோர்ட் சொல்ல இடம் இருக்கிறது. அதனால்தான் எங்கள் வக்கீல், முடிந்தவரை பாக்கியைக் காரணம் காட்டாமல் 106-லேயே போவார்.

நோட்டீஸ் காலம் முடிந்த பிறகு பணம் வந்தால் “வாடகை” என்று ரசீது எழுதாதீர்கள். “வாடகையை வாங்கிக்கொண்டார், அதனால் நோட்டீஸைக் கைவிட்டார்” என்று எதிர்த்தரப்பு கிளப்பும். “காலி செய்யாமல் இருப்பதற்கான நஷ்ட ஈடாக, என் உரிமைக்குப் பாதகமில்லாமல் பெறுகிறேன்” என்று எழுதுங்கள்.

ஜீவன்பீமா நகர்: வாடகை 60,000. வருஷமெல்லாம் ஒழுங்காகத் தந்தவர் மார்ச்சில் மட்டும் 14,400 குறைத்து அனுப்பியிருக்கிறார். ஏமாற்றுகிறாரா?

இல்லை சார். அது டிடிஎஸ். மாசம் 50,000-க்கு மேல் வாடகை தருகிற தனி ஆள் 2 சதவீதம் பிடித்து வரி கட்ட வேண்டும். வழக்கமாக வருஷக் கடைசியில் ஒரே தடவையாகப் பிடிப்பார்கள். 7,20,000-க்கு 2 சதவீதம் 14,400. கணக்கு சரி. உங்கள் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள், சண்டைக்குப் போகாதீர்கள்.

ராமமூர்த்தி நகர்: நான் குடியிருப்பவன்தான், வீட்டுக்காரன் இல்லை. போர்வெல் வற்றிப்போய், டேங்கர் தண்ணிக்கு நான் 4,000 கொடுத்தேன். அதை வாடகையில் கழித்துக்கொண்டேன். இதையும் “அரை வாடகை” என்பீர்களா?

வாருங்கள் தம்பி. அக்ரிமென்ட்டில் தண்ணீர் யார் பொறுப்பு என்று இருக்கிறது?

அவரே: ஒன்றும் இல்லை. ஆனால் ரிப்பேர் செலவை வாடகையில் கழிக்கலாம் என்று சட்டமே சொல்கிறதே.

சொல்கிறது, 108-ஆம் பிரிவில். ஆனால் பாதியைத்தான் படித்திருக்கிறீர்கள். வீட்டுக்காரர் *செய்யக் கடமைப்பட்ட* ரிப்பேர், நீங்கள் *தெரிவித்த பிறகும்* நியாயமான காலத்துக்குள் அவர் செய்யவில்லை, அப்போதுதான் நீங்களே செய்து கழிக்கலாம். அக்ரிமென்ட்டில் “ரிப்பேர் வீட்டுக்காரர் பொறுப்பு” என்று இருந்து, மோட்டார் எரிந்தால் சரி. டேங்கர் தண்ணீர் ரிப்பேரா?

விவேக்நகர்: நன்றாகச் சொன்னீர்கள் ஐயா! இன்றைக்குத் தண்ணி லாரி, நாளைக்கு மினரல் வாட்டர் கேன் என்பார்கள்.

ராமமூர்த்தி நகர்: தண்ணீரே இல்லாத வீட்டுக்கு முழு வாடகை வாங்க உங்களுக்கு மனசு வருமா சார்?

இருங்கள், இருவரும். விவேக்நகர், ரொம்பத் துள்ளாதீர்கள். 2024 கோடையில் என் வீட்டு போர்வெல்லும் காற்றுதான் விட்டது. மார்ச்சில் மாவட்ட நிர்வாகம் டேங்கருக்கு விலை நிர்ணயித்தது: ஐந்து கிலோமீட்டருக்குள் 12,000 லிட்டருக்கு 1,000 ரூபாய். அந்த விலைக்கு எங்கள் தெருவுக்கு ஒரு லாரியும் வரவில்லை. மூன்று குடித்தனத்தையும் உட்கார வைத்துப் பேசினேன். லாரிச் செலவில் பாதி நான், மீதியை அவர்கள் மூவரும். ஒரு நோட்டில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். அந்த மூன்று மாசமும் முழு வாடகை வந்தது. சட்டப்படி நான் கொடுத்தே ஆக வேண்டும் என்று எங்கேயும் இல்லை. ஆனால் தண்ணீர் இல்லாமல் ஒருவனைக் குடிவைத்துவிட்டு 106-ஆம் பிரிவு பேச எனக்கு வாய் வராது.

தம்பி, உங்களுக்கும் ஒன்று. நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் கேட்காமல் கழித்தது தப்பு. கழிக்கும் முன்னால் எழுதித் தெரிவித்திருந்தால், நானே உங்களுக்காகப் பேசுவேன்.

ராமமூர்த்தி நகர்: சொன்னேன் சார். வாயால்.

வாயால்! வீட்டுக்காரர்களைத் திட்டுகிற அதே திட்டு உங்களுக்கும்.

மர்ஃபி டவுன்: “அட்வான்ஸில் கழிச்சுக்கோங்க” என்கிறார். ஆறு மாசமாக 5,000 குறைவு. அட்வான்ஸ் 1,50,000 கையில் இருக்கிறதே என்று நானும் விட்டுவிட்டேன்.

பத்து மாச அட்வான்ஸ் வாங்குகிற நம் ஊர்க்காரர்களுக்கு வரும் சோம்பேறித்தனம் இது. 30,000 போய்விட்டது. வழக்கு என்று ஆனால் மாசக்கணக்கில், வருஷக்கணக்கில்கூட இழுக்கும். அப்போது வாடகை அடியோடு நிற்கும். அந்த நாளுக்குத்தான் அட்வான்ஸ். காலி செய்து சாவி கொடுக்கும் நாளில்தான் அட்வான்ஸில் கை வைப்பேன் என்று இன்றே எழுதி அனுப்புங்கள்.

ஓசூர்: எங்களுக்கும் இதே பிரச்சனைதான்...

ஓசூர் தமிழ்நாடு. உங்களுக்கு 2017-ஆம் வருஷத்துச் சட்டம், வாடகை அதிகாரி எல்லாம் தனி. அங்கே உள்ள வக்கீலைக் கேளுங்கள்.

ஃப்ரேசர் டவுன்: வேலை போய்விட்டது, மூன்று மாசம் பாதி தருகிறேன் என்கிறார். நல்ல மனுஷர்.

நல்ல மனுஷர் என்றால் சரி என்று சொல்லுங்கள். ஆனால் தேதி போட்டு: இந்த மாசத்திலிருந்து இந்த மாசம் வரை பாதி, மீதி தள்ளுபடி இல்லை, தள்ளிவைப்பு, இந்தத் தேதிக்குள் தீர்க்க வேண்டும். 2020 ஊரடங்கில் என் கீழ் போர்ஷன்காரருக்கு இப்படித்தான் எழுதிக்கொடுத்தேன். ஒரு ரூபாய் பாக்கி வைக்கவில்லை அவர்.

சிவாஜிநகர்: தண்ணீர்க் குழாயை மட்டும் அடைத்தால்...

கூடாது.

அல்சூர்: அவர்கள் ஊருக்குப் போன நேரத்தில் பூட்டை மாற்றிவிட்டால்?

மேலே உள்ளதை யாருமே படிப்பதில்லையா? சட்டப்படி இல்லாமல் வெளியேற்றினால், ஆறு மாசத்துக்குள் ஸ்பெசிஃபிக் ரிலீஃப் ஆக்ட் 6-ஆம் பிரிவில் வழக்குப் போட்டு மறுபடி உள்ளே வருவார்கள். வீடு யாருடையது என்றுகூட அதில் கேட்க மாட்டார்கள். ஃப்யூஸ், குழாய், பூட்டு, ஆள் வைத்து மிரட்டுவது, எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான். இனி இதைக் கேட்டால் பதில் இல்லை.

ஈஜிபுரா அம்மா மறுபடியும்: நீங்கள் சொன்ன மாதிரியே அனுப்பிவிட்டேன் ஐயா. ஐந்து நிமிஷத்தில் கட்டைவிரல் படம் ஒன்று போட்டான். அவ்வளவுதான். போதுமா?

பார்த்தான் என்பதற்கு அது ஆகும். அந்த போனை மாற்றாதீர்கள், சாட்டை அழிக்காதீர்கள். ஆனால் பாக்கியை ஒப்புக்கொண்டான் என்று காட்ட, அவன் கையெழுத்து வேண்டும். அடுத்த தடவை மாடிக்குப் போகும்போது ஒரு நோட்டில் “ஜூன், ஜூலை வாடகை 28,000 பாக்கி” என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்து வாங்கிவிடுங்கள். பேனாவும் நீங்களே கொண்டு போங்கள்.