சுரங்கத்துக்குள் சிக்னல் வேண்டும், பணம் யார் தருவது?

நகரச் சுரங்க ரயில்களில் ஒயர்லெஸ், மொபைல் சிக்னல், அறிவிப்பு ஒலிபெருக்கி மாதிரியான தகவல் தொடர்பு வசதிகளைப் புதுப்பிக்கும் செலவை யார் ஏற்க வேண்டும் என்று போன இதழில் ஒருவர் கேட்டிருந்தார். பாதுகாப்புக்கு ஆவதை அரசு, வியாபாரத்துக்கு ஆவதை மொபைல் கம்பெனி என்று இரண்டு வரியில் பதில் போட்டிருந்தேன். அதைப் படித்துவிட்டு நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள், சிலர் கோபமாகவே. நியாயம்தான், இரண்டு வரியில் தீர்கிற விஷயம் இல்லை இது. அதனால் இந்த இதழ் முழுக்க இதே கேள்விகள்.

கேள்வி: புதுப் பெட்டி வாங்குகிறார்கள், நிலையத்துக்கு டைல்ஸ் மாற்றுகிறார்கள். ஒயர்லெஸ்ஸுக்கு மட்டும் ஏன் எப்போதும் பணம் இல்லை?

பதில்: கண்ணில் படாது என்பது ஒரு காரணம். புதுப் பெட்டிக்குத் திறப்பு விழா வைக்கலாம், சுரங்கச் சுவரில் ஓடும் கறுப்புக் கேபிள் எந்தப் பத்திரிகையிலும் படமாக வராது. ஆனால் பெரிய காரணம் ஆயுள். சுரங்கம் நூறு வருடம் நிற்கும், பெட்டி முப்பது நாற்பது வருடம் ஓடும். ஒயர்லெஸ் கருவியும் அதை நடத்தும் மென்பொருளும் பத்துப் பதினைந்து வருடத்திலேயே பழசாகி, தயாரித்த கம்பெனியே இனி உதிரிபாகம் கிடையாது என்று கையை விரித்துவிடும். ஆக, ஒரு தடவை கடன் வாங்கிக் கட்டிவிட்டு மறந்துவிடலாம் என்று நினைக்கவே முடியாத செலவு இது, பதவியில் யார் இருந்தாலும் திரும்பத் திரும்ப வந்து நிற்கும். தள்ளிப் போடுவதும் சுலபம், ஏனென்றால் இன்றைக்கு மாற்றாவிட்டாலும் நாளைக்கு ரயில் ஓடும்.

தள்ளிப் போட்டால் எங்கே போய் முடியும் என்பதற்கு சான் ஃபிரான்சிஸ்கோவின் ம்யூனி மெட்ரோவைப் பாருங்கள். மார்க்கெட் தெருவுக்கு அடியில் ஓடும் ரயில்களைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடு 1998-இல் வந்தது. இருபது, இருபத்தைந்து வருடம் தாங்கும் என்று கணக்குப் போட்டு வாங்கியது. அதன் மென்பொருளைத் தினமும் காலையில் ஐந்தேகால் அங்குல ஃப்ளாப்பி வட்டில் இருந்துதான் ஏற்ற வேண்டும். ரயிலும் கணினியும் பேசிக்கொள்வது தண்டவாளத்தோடு ஓடும் ஒரு லூப் கேபிள் வழியாக. இதை மாற்ற ஹிட்டாச்சி ரயில் நிறுவனத்தோடு 21.2 கோடி டாலர் ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் கிடைத்தது 2024-இல். வேலை முடிய இன்னும் பல வருடம் ஆகும், அதுவரை பழைய கேபிளை ஒட்டுப் போட்டுக்கொண்டுதான் ஓட்ட வேண்டும்.

கேள்வி: ஒரு கேபிள் இழுக்க இவ்வளவு கோடியா? எங்கோ பணம் கசிகிறது என்றே தோன்றுகிறது.

பதில்: சந்தேகப்படுவது உங்கள் உரிமை, கணக்குக் கேளுங்கள். ஆனால் கீழே நடக்கும் வேலை எப்படிப்பட்டது என்று தெரிந்துகொண்டு கேட்டால் பதில் சொல்பவரும் நழுவ முடியாது.

மண்ணையும் கான்கிரீட்டையும் தாண்டி ரேடியோ அலை போகாது, வளைவு வந்தால் சுரங்கத்துக்குள்ளேயே செத்துவிடும். அதனால் மேலே இருக்கும் டவரை நம்ப முடியாது. சுவரில் விரல் தடிமனுக்கு, சில இடங்களில் அதைவிடப் பருமனாக, ஒரு கேபிள் ஓடும். அதன் வெளி உறைக்குள் இருக்கும் செம்புக் கூட்டில் வரிசையாகச் சின்னச் சின்னப் பிளவுகள் வெட்டியிருப்பார்கள். சிக்னல் போகிற வழியெல்லாம் அந்தப் பிளவு வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்துகொண்டே இருக்கும், ரயிலில் இருக்கும் ஒயர்லெஸ் செட் அதைப் பிடித்துக்கொள்ளும். லீக்கி கேபிள் என்பார்கள். வழியெல்லாம் விட்டுக்கொண்டே போவதால் தூரம் போகப் போக வலு குறையும், அதனால் இடையிடையே பெருக்கிக் கருவி வேண்டும். அந்தக் கருவிக்கு மின்சாரம், கரன்ட் போனால் பேட்டரி, சூடு தணிக்க ஒரு அறை, அந்த அறைக்கு ஃபைபர். கேபிளின் உறை தீப்பிடித்தால் விஷப்புகை கக்காத ரகமாக இருந்தாக வேண்டும். பிரேக்கில் இருந்து வரும் இரும்புத் தூசி எல்லாவற்றின் மேலும் படியும்.

இதற்கெல்லாம் மேலே ஒன்று இருக்கிறது, நேரம். கடைசி ரயில் போன பிறகு மின்சாரத்தை நிறுத்தி, நின்றுவிட்டதா என்று சோதித்து, ஆட்களும் சாமானும் உள்ளே போய், வேலையைத் தொடங்கி, முதல் ரயிலுக்கு முன்னால் ஒரு ஸ்பானர்கூட மிச்சம் இல்லாமல் வெளியே வந்தாக வேண்டும். பல ஊர்களில் உருப்படியாக வேலை நடக்கும் நேரம் இரவுக்கு இரண்டு மூன்று மணிக்கு மேல் தேறாது. நியூயார்க்கில் ராத்திரியும் ரயில் ஓடுவதால் அதுவும் சும்மா கிடைக்காது, பாதையை மூடித்தான் செய்ய வேண்டும். கேபிளின் விலையைவிட அதை மாட்டும் மணிநேரங்களின் விலைதான் அதிகம். அதனால்தான் சொல்கிறேன், தண்டவாளம் மாற்றவோ நீர்க்கசிவை அடைக்கவோ எப்படியும் ஒரு சுரங்கத்தை மூடும்போது கேபிளையும் சேர்த்து மாட்டிவிட வேண்டும். இரண்டு துறை உட்கார்ந்து பேசினால் மிச்சமாகும் பணம் அது. பேசாததால் வீணாவது நம் பணம்.

கேள்வி: மொபைல் கம்பெனிகளுக்குத்தான் கொள்ளை லாபமாயிற்றே, அவர்களே போட்டுவிட்டுப் போகட்டும். அரசு ஏன் ஒரு காசு தர வேண்டும்?

பதில்: பயணிகளின் போனுக்கான சிக்னலைப் பொறுத்தவரை உங்கள் கட்சிதான் நான். நியூயார்க்கில் அப்படித்தான் நடந்தது. ட்ரான்சிட் ஒயர்லெஸ் என்ற நிறுவனம் தன் செலவில் போட்டுக் கொடுத்து, மொபைல் கம்பெனிகளிடம் வாடகை வாங்கி, அதில் ரயில் நிர்வாகத்துக்கும் பங்கு தருகிறது. 2011-இல் சில நிலையங்களில் தொடங்கி, 2017 தொடக்கத்தில் பூமிக்கடியில் இருக்கும் நிலையங்கள் எல்லாம் முடிந்தன. நிலையங்களுக்கு நடுவில் உள்ள சுரங்கங்களுக்கான ஒப்பந்தம் 2022-இல்தான் வந்தது. அதற்கு ஆகும் 60 கோடி டாலருக்கும் மேற்பட்ட தொகையும் அந்த நிறுவனத்தின் தலையில்.

ஆனால் இதே வழியில் போன டொரான்டோ பத்து வருடம் முட்டிக்கொண்டு நின்றது. 2012-இல் ஒரு நிறுவனத்துக்கு 20 வருட உரிமையை 2.5 கோடி கனடிய டாலருக்குக் கொடுத்தார்கள். அது கருவிகளை மாட்டியது. நாட்டின் மூன்று பெரிய மொபைல் கம்பெனிகளோ அந்த வலையமைப்பில் சேர மறுத்துவிட்டன, ஒரு சின்ன கம்பெனி மட்டும் சேர்ந்தது. ஊரில் பெரும்பாலானவர்களின் போன் சுரங்கத்தில் வெறும் பொம்மை. 2023-இல் ரயிலிலும் நிலையங்களிலும் வன்முறை பெருகி, ஒரு நிலையத்தில் 16 வயதுப் பையன் கத்திக்குத்தில் இறந்து, அவசர உதவியைக் கூப்பிடக்கூட வழியில்லையே என்று ஊரே கொதித்த பிறகு, பெரிய கம்பெனிகளில் ஒன்றான ரோஜர்ஸ் அந்த வலையமைப்பை விலைக்கு வாங்கியது. மற்றவர்களுக்கும் வழிவிட வேண்டும் என்று மத்திய அரசு உரிமத்திலேயே நிபந்தனை போட்ட பிறகுதான் அந்த அக்டோபரில் மற்ற கம்பெனிகளின் வாடிக்கையாளர்களுக்கும் சிக்னல் கிடைத்தது. நிபந்தனையை 2012-இலேயே போட்டிருக்கலாம். அடுத்தவர் பணத்தில் வேலை நடக்கிறதே என்ற சந்தோஷத்தில் ஒப்பந்தத்தை மேலோட்டமாக எழுதினால் இதுதான் கதி.

அப்புறம் இன்னொன்று. கம்பெனி எங்கே கூட்டம் அதிகமோ அங்கே முதலில் போகும், ஆளில்லாத நீண்ட சுரங்கத்துக்குக் கடைசியில் வரும். விபத்து அப்படி இடம் பார்த்து நடப்பதில்லை.

கேள்வி: பயணிகள் ரயிலில் வீடியோ பார்ப்பதற்காக என் வரிப்பணமா?

பதில்: இல்லை. தயவுசெய்து இரண்டையும் குழப்பாதீர்கள். இந்தக் குழப்பத்தில்தான் தேவையான பணமும் வெட்டுப்படுகிறது. நான் அரசுப் பணம் கேட்பது ஓட்டுநர், கட்டுப்பாட்டு அறை, தீயணைப்பு வீரர், போலீஸ் இவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசுவதற்கு. அதில் கம்பெனிக்கு வருமானம் இல்லை, அதனால் எந்தக் கம்பெனியும் தானாக வந்து போடாது.

லண்டனில் 1987 நவம்பரில் கிங்ஸ் கிராஸ் நிலையத்தில் தீப்பிடித்து 31 பேர் இறந்தார்கள். விசாரணை அறிக்கை அடுத்த வருடமே வந்தது, பூமிக்கடியில் அவசர சேவைகளின் ஒயர்லெஸ் வேலை செய்தாக வேண்டும் என்று அதில் இருந்தது. 2005 ஜூலை 7-இல் மூன்று சுரங்க ரயில்களில் குண்டு வெடித்தபோது, ரயில்வே போலீஸின் செட் தவிர மற்றவர்களுடையது கீழே வேலை செய்யவில்லை. ரயிலில் இருந்து பிளாட்பாரத்துக்கும் அங்கிருந்து மேலேயும் ஆள் ஓடி ஓடிச் செய்தி சொல்லியிருக்கிறார்கள். லண்டன் மாநகர சபையின் குழு 2006-இல் வெளியிட்ட அறிக்கையில் இதைக் கடுமையாகவே கண்டித்தது. பதினேழு வருடம் ஒரு பரிந்துரை கோப்பில் கிடந்தது என்பதை நினைத்தாலே எனக்கு ஆத்திரம் வருகிறது.

வாஷிங்டனில் 2015 ஜனவரி 12 அன்று லாஃபான்ட் பிளாசா நிலையத்துக்குப் பக்கத்தில் புகை சூழ்ந்த சுரங்கத்தில் ரயில் மாட்டிக்கொண்டது, ஒரு பெண் இறந்தார். அங்கே தீயணைப்பு வீரர்களின் ஒயர்லெஸ் சரியாக எடுக்கவில்லை. அந்தக் கோளாறு சில நாள் முன்பே ரயில் நிர்வாகத்துக்குச் சொல்லப்பட்டிருந்தது. அதே ஊரில் சுரங்கம் முழுக்க மொபைல் சிக்னல் 2012-க்குள் வர வேண்டும் என்று 2008-இலேயே சட்டம் போட்டிருந்தார்கள், முடிந்தது 2021-இல். சட்டத்தில் தேதி எழுதுவது சுலபம். வேலை எடுத்த நிறுவனம் நடுவில் திவாலானால் மாற்று ஏற்பாடு என்ன என்று யோசித்து வைக்கவில்லை. அப்படித்தான் 2013-இல் நடந்தது.

கேள்வி: மானியமா, கடன் பத்திரமா, டிக்கெட் விலையா? நீங்களாக இருந்தால் எதில் கை வைப்பீர்கள்?

பதில்: டிக்கெட் விலையில் கை வைக்க மாட்டேன். பெரும்பாலான ஊர்களில் டிக்கெட் காசு அன்றாடச் செலவுக்கே பற்றாது, தவிர ரயில் ஓடுவதால் காரில் போகிறவனுக்கும் கடை வைத்திருப்பவனுக்கும்தானே லாபம்? அவர்களும் தரட்டும். சான் ஃபிரான்சிஸ்கோ வட்டாரத்தில் பார்ட் ரயிலுக்காக 2016-இல் மக்களிடம் ஓட்டுக்கு விட்டார்கள், சொத்து வரியில் இருந்து திருப்பித் தரும் 350 கோடி டாலர் கடன் பத்திரம். பத்தில் ஏழு பேர் சம்மதித்தார்கள். எந்தத் தண்டவாளம், எந்தக் கட்டுப்பாட்டுக் கருவி என்று முதலிலேயே சொன்னால் மக்கள் தருகிறார்கள். நியூயார்க்கில் 2025 ஜனவரி முதல் மன்ஹாட்டனின் நெரிசல் பகுதிக்குள் வரும் காருக்குக் கூட்ட நேரத்தில் 9 டாலர் வாங்குகிறார்கள், அந்த வருமானத்தைக் காட்டி 1,500 கோடி டாலர் திரட்டுவது திட்டம், ரயில்களைக் கட்டுப்படுத்தும் சிக்னல் முறையைப் புதுப்பிப்பதும் அதற்குள் வருகிறது. எனக்குப் பிடித்த வழி இதுதான்.

மானியம் கிடைத்தால் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் மானியம் கருவி வாங்கத்தான் வரும், அதை ஓட்டவும் பழுது பார்க்கவும் ஆள் வைக்கவும் வருவது அபூர்வம். வருடாந்தரப் பராமரிப்புக்கும், பதினைந்தாவது வருடம் மாற்றுவதற்கும் பணம் எங்கிருந்து என்று எழுதாத திட்டத்துக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

கேள்வி: ரயில்களைத் தானாக இயக்கும் புது சிக்னல் முறையையும் இதே பணத்தில் சேர்த்துச் செய்துவிடலாமா?

பதில்: ஃபைபர், கருவி அறை, மின்சாரம் இவற்றைப் பங்கு போடலாம். ரயிலை நிறுத்தும் ஓட்டும் ரேடியோவை மட்டும் தனியாக வையுங்கள். பயணியின் போனோடு அது போட்டி போடக் கூடாது.

கேள்வி: எல்லாம் புதுசாக வந்துவிட்டால் பயப்பட வேண்டாம்தானே?

பதில்: அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. தென் கொரியாவின் டேகு நகரில் 2003 பிப்ரவரி 18 அன்று ஒருவன் ரயிலுக்குத் தீ வைத்தான். அந்த ரயில் நிலையத்தில் எரிந்துகொண்டிருக்கும்போதே எதிர்ப்பாதையில் இன்னொரு ரயில் வந்து பக்கத்தில் நின்றது. ஓட்டுநருக்கும் கட்டுப்பாட்டு அறைக்கும் நடுவில் பேச்சு நடந்துகொண்டுதான் இருந்தது. உள்ளே வராதே என்று சொல்ல வேண்டியவர் ஜாக்கிரதையாக வா என்றார், அவருக்குத் தீயின் அளவே புரியவில்லை. மொத்தம் 192 பேர் இறந்தார்கள், அதில் பெரும்பாலோர் இரண்டாவதாக வந்த ரயிலில் இருந்தவர்கள். ஆக, பயிற்சிக்கும் ஒத்திகைக்கும், கட்டுப்பாட்டு அறையில் போதுமான ஆள் இருப்பதற்கும் இதே பட்ஜெட்டில் ஒரு வரி இருக்க வேண்டும். முதலில் வெட்டப்படுவதும் அந்த வரிதான், அதனால் அதை விடாமல் கண்காணியுங்கள்.

கேள்வி: சாதாரணப் பயணி நான். கருத்துக்கேட்புக் கூட்டத்தில் மைக் கொடுத்தால் என்ன கேட்பது?

பதில்: தொழில்நுட்பம் எதுவும் பேச வேண்டாம். தீயணைப்பு வீரர் தன் சொந்த செட்டைக் கையில் பிடித்துக்கொண்டு சுரங்கத்தை முழுக்க நடந்து பார்த்த சோதனை கடைசியாக எப்போது நடந்தது, எந்தெந்த இடத்தில் எடுக்கவில்லை, அதைச் சரி செய்ய இந்த வருடம் எவ்வளவு ஒதுக்கியிருக்கிறீர்கள் என்று கேளுங்கள். பதில் எழுத்தில் வேண்டும் என்று சொல்லிவிட்டு உட்காருங்கள்.