சிங்கப்பூரில் வேலை, சென்னையில் சம்பளம்: வரி எங்கே?

கேள்வி: சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் மாதம் 1.5 லட்சம் ரூபாய் சம்பளத்தில் வேலை பார்க்கிறேன். 2026 அக்டோபர் 15 அன்று என்னை இரண்டு வருடத்துக்கு சிங்கப்பூருக்கு அனுப்புகிறார்கள். இதே நிறுவனத்தின் ஊழியராகவே தொடர்வேன். அங்கே படிகளும் சேர்த்து மாதம் சுமார் 3.4 லட்சம் ரூபாய் வரும். அதை என் சென்னை வங்கிக் கணக்கிலேயே போடுவார்களாம். மனைவியும் மகளும் கோவையில் இருப்பார்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வந்துபோவேன். “இந்திய கம்பெனி சம்பளம் கொடுத்தால் வரி இந்தியாவில்தான்” என்கிறார் ஒரு நண்பர். “வெளிநாடு போய்விட்டால் இங்கே வரியே கிடையாது” என்கிறார் இன்னொருவர். இரண்டு நாட்டிலும் கட்ட வேண்டியிருக்குமா?

பதில்: இரண்டு நண்பர்களின் பேச்சையும் ஒதுக்கி வையுங்கள். சம்பளம் கொடுப்பவர் எந்த நாட்டு நிறுவனம் என்பதை வைத்து உங்கள் வரி முடிவாவதில்லை. ஏப்ரல் முதல் மார்ச் வரை நீங்கள் இந்தியாவில் எத்தனை நாள் இருந்தீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. வேலை நடந்த இடமும் பணம் வந்து விழுந்த இடமும் அதற்கு அப்புறம்தான். அதனால் உங்கள் கடிதத்தில் என்னை உறுத்துவது அந்த அக்டோபர் 15 என்ற தேதி.

ஓர் ஆண்டில் 182 நாளோ அதற்கு மேலோ இந்தியாவில் இருந்தவர் வரிச் சட்டப்படி இந்தியவாசி. அந்த ஆண்டில் 60 நாளும், அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகளில் மொத்தம் 365 நாளும் இருந்தாலே இந்தியவாசிதான் என்று இன்னொரு விதியும் உண்டு. ஆனால் வெளிநாட்டில் வேலை செய்வதற்காக ஓர் இந்தியக் குடிமகன் கிளம்பும் ஆண்டில் அந்த 60 நாள் 182 நாளாகிவிடும். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்தாலும் இந்த நாள் கணக்கு மாறவில்லை. இந்திய நிறுவனமே தன் ஊழியரை வெளிநாட்டுப் பணிக்கு அனுப்பினாலும் இந்தச் சலுகை உண்டு. ஆனால் உங்கள் உத்தரவுக் கடிதத்தில் இரண்டு ஆண்டுப் பணி என்பதும், பணியிடம் சிங்கப்பூர் என்பதும் தெளிவாக இருக்க வேண்டும். வேலை விசாவில்தான் போக வேண்டும். “வாடிக்கையாளர் சந்திப்புக்கான பயணம்” என்ற மாதிரி எழுதிக் கொடுத்தால் ஏற்க வேண்டாம், மாற்றித் தரச் சொல்லுங்கள்.

இப்போது எண்ணிப் பாருங்கள். ஏப்ரல் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை 153 நாள். செப்டம்பருக்கு 30, அக்டோபரில் 15. மொத்தம் 198. அதாவது 2026-27 முழுவதற்கும் நீங்கள் இந்தியவாசி. அக்டோபரிலிருந்து மார்ச் வரை சிங்கப்பூரில் சம்பாதிப்பதும் இந்திய வரிக் கணக்கில் சேரும். கிளம்பிய நாள் வரை ஒரு நிலை, அப்புறம் இன்னொரு நிலை என்று ஆண்டைப் பிரிக்கும் வழி நம் சட்டத்தில் இல்லை.

செப்டம்பர் 28-க்குள் கிளம்பினால் 181 நாள். ஆனால் தீபாவளிக்கு வந்து இறங்கிய உடனே அந்தக் கணக்கு உடைந்துவிடும். லீவில் வரும் நாட்களும் எண்ணிக்கையில் சேரும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வரும் நாள், போகும் நாள் இரண்டையும் இந்தியாவில் இருந்ததாகவே எண்ணிக்கொள்வது பாதுகாப்பு. அதனால் என் யோசனை, ஆகஸ்ட் கடைசிக்குள் கிளம்ப முடியுமா என்று நிறுவனத்திடம் கேளுங்கள். 31-ஆம் தேதி கிளம்பினால் தீபாவளி, பொங்கல் இரண்டுக்கும் சேர்த்து 28 நாள் கையில் இருக்கும். மகளோடு நிம்மதியாக இருந்துவிட்டுத் திரும்பலாம்.

ஒன்றரை மாதத்துக்கு என்ன வித்தியாசம் வந்துவிடும் என்று நினைக்கலாம். புதிய வரி முறையில் தோராயமாகப் போட்டுப் பார்த்தேன். அக்டோபர் 15-ல் கிளம்பினால் இந்தியச் சம்பளம் 9.75 லட்சம், சிங்கப்பூர்ச் சம்பளம் சுமார் 18.7 லட்சம். 75,000 ரூபாய் நிலையான கழிவு போக, செஸ் (வரியின் மேல் போடும் கூடுதல் தீர்வை) சேர்த்து வரி சுமார் 4.27 லட்சம். ஆகஸ்ட் 31-ல் கிளம்பி, இந்தியவாசி அல்லாதவர் என்ற நிலையும் கிடைத்து, அங்கே சம்பாதித்தது இங்கே கணக்கில் வராமல் இருந்தால், 7.5 லட்சத்துக்கு மட்டும்தான் வரி, 14,300 ரூபாய். (12 லட்சம் வரை வரி இல்லை என்கிறார்களே என்று கேட்காதீர்கள். அந்தத் தள்ளுபடி இந்தியவாசிகளுக்கு மட்டும்தான்.)

இரண்டு நாட்டிலும் முழு வரி கட்ட வேண்டுமோ என்ற பயம் வேண்டாம். இந்தியாவுக்கும் சிங்கப்பூருக்கும் இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம் இருக்கிறது. நீங்கள் இந்தியவாசியாகவே இருந்தாலும் அங்கே கட்டிய வரியை இங்கே கழித்துக்கொள்ளலாம். ஆனால் சிங்கப்பூரில் முதல் 20,000 சிங்கப்பூர் டாலருக்கு வரி கிடையாது, அதற்கு மேலும் விகிதம் குறைவு. அங்கே கட்டுவது சிறு தொகை என்றால் கழிவதும் அந்தச் சிறு தொகைதான். மீதியை இந்திய விகிதத்தில் நீங்கள்தான் கட்ட வேண்டும்.

அந்தக் கழிவை வாங்குவதும் லேசான வேலை இல்லை. சிங்கப்பூரில் ஜனவரி முதல் டிசம்பர் வரை வரி ஆண்டு. 2027 ஜனவரி முதல் மார்ச் வரையிலான சம்பளத்துக்கு அங்கே 2028 ஏப்ரலில்தான் கணக்குக் கொடுப்பீர்கள். இங்கே அதே சம்பளத்தை 2027 ஜூலையிலேயே காட்டியாக வேண்டும். கட்டாத வரிக்கு ரசீது எங்கிருந்து வரும்? அக்டோபரில்தான் கிளம்ப வேண்டும் என்றால் வெளிநாட்டு வரிக் கழிவில் அனுபவமுள்ள ஆடிட்டரை இப்போதே பிடித்துவிடுங்கள். சிங்கப்பூர் வங்கிக் கணக்கையும் இந்திய ரிட்டர்னில் காட்டியாக வேண்டும். வெளிநாட்டுச் சொத்தை மறைத்தால் கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் அபராதம் உண்டு. அசையாச் சொத்து நீங்கலாக மொத்த மதிப்பு 20 லட்சத்துக்குள் இருந்தால் அந்த அபராதம் இல்லை என்று 2024 அக்டோபரில் தளர்த்தியிருக்கிறார்கள். அப்போதும் காட்டுவதுதான் சரி.

அடுத்தது, சென்னைக் கணக்கில் சம்பளம். இதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். இந்தியவாசி அல்லாதவருக்கு வெளிநாட்டில் செய்த வேலைக்கான சம்பளம் இந்தியாவில் ஈட்டியதாகாது. ஆனால் இந்தியாவில் பெற்ற பணத்துக்கு வரி உண்டு என்று சட்டத்தில் தனியாக ஒரு விதி இருக்கிறது. சம்பளம் நேராக இங்கே வந்து விழுந்தால் அந்த விதியைக் காட்டி அதிகாரி வரி கேட்கலாம். நீங்கள் சிங்கப்பூர் வரிவாசி என்ற சான்றிதழை வைத்து ஒப்பந்தத்தைக் காட்டி வாதாடலாம். சாதகமான தீர்ப்புகளும் இருக்கின்றன. ஆனால் வழக்காடி வெல்வதைவிட வழக்கே வராமல் இருப்பது நல்லது இல்லையா? சம்பளத்தைச் சிங்கப்பூர் வங்கியில் போடச் சொல்லுங்கள். வீட்டுச் செலவுக்கு வேண்டியதை அங்கிருந்து அனுப்புங்கள். அங்கே ஏற்கெனவே பெற்றுக்கொண்ட சம்பளத்தை இங்கே அனுப்புவதால் மட்டும் புதிதாக வரி வராது. எங்கே கொடுத்தாலும் சிங்கப்பூரில் செய்த வேலைக்கான சம்பளத்துக்கு சிங்கப்பூர் வரி கேட்கும், அதனால் சென்னையில் வாங்குவதில் அந்தப் பக்கமும் லாபம் இல்லை. இந்த ஏற்பாட்டை எழுத்தில் கொடுத்தால், கிளம்பிய பிறகான சம்பளத்துக்கு டிடிஎஸ் (சம்பளத்திலேயே பிடித்துக்கொள்ளும் வரி) பிடிப்பதை நிறுவனம் நிறுத்தலாம். அப்படியும் பிடித்துவிட்டால் ரிட்டர்ன் போட்டுத் திரும்பக் கேட்கலாம்.

வங்கி விஷயத்தில் நாள் கணக்கு இல்லை. அந்நியச் செலாவணிச் சட்டப்படி வேலைக்காக நாட்டைவிட்டுக் கிளம்பிய நாளிலிருந்தே நீங்கள் என்ஆர்ஐ, அதாவது வெளிநாடுவாழ் இந்தியர். வங்கிக்குத் தெரிவித்து இப்போதுள்ள சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ-வாக (என்ஆர்ஐ-யின் இந்திய வருமானத்துக்கான கணக்கு) மாற்றி, அங்கிருந்து அனுப்பும் பணத்துக்குத் தனியாக என்ஆர்இ (வெளிநாட்டு வருமானத்துக்கான கணக்கு) தொடங்குங்கள். என்ஆர்இ வட்டிக்கு இங்கே வரி இல்லை.

அடுத்த ஆண்டு, 2027-28, சுலபம். வெளிநாட்டில் இருப்பவர் லீவில் வந்துபோகும்போது மொத்தம் 182 நாளுக்குக் குறைவாக இருந்தால் இந்தியவாசி ஆக மாட்டார். வாடகை, வட்டி, பங்கு லாபம் என்று உங்கள் இந்திய வருமானம் 15 லட்சத்தைத் தாண்டினால் அந்த 182 நாள் வரம்பு 120 நாளாகச் சுருங்கும்.

திரும்பி வரும் ஆண்டுதான் கவனமாக இருக்க வேண்டிய ஆண்டு. நிரந்தரமாக ஊர் திரும்புகிறவருக்கு லீவில் வருகிறவருக்கான சலுகை கிடையாது, பழைய 60 நாள் விதி வந்துவிடும். உங்கள் முந்தைய நான்கு ஆண்டுகளில் 365 நாளுக்கு மேல் இந்தியாவில் இருந்திருப்பீர்கள். அதனால் 2028 ஆகஸ்டில் திரும்பினால் அந்த ஏப்ரலிலிருந்து சிங்கப்பூரில் வாங்கிய சம்பளமும் இந்திய வரிக்குள் வரும். பணியை நீட்டிக்கும் வாய்ப்பு இருந்து, அந்த ஆண்டில் லீவில்கூட வராமல், 2029 பிப்ரவரி 1-க்கு முன் திரும்பாமல் இருந்தால் மார்ச் 31 வரை 59 நாள்தான் ஆகும். குடும்பத்தைப் பிரிந்து இவ்வளவு காலம் இருக்க வேண்டுமா என்பது நீங்களும் உங்கள் மனைவியும் பேசி முடிவு செய்ய வேண்டியது. வரிக்காக மட்டும் அதைச் செய்யச் சொல்ல மாட்டேன்.

இந்த வாரமே மனிதவளத் துறையிடம் மூன்று விஷயங்களைக் கேளுங்கள்: கிளம்பும் தேதி, உத்தரவுக் கடிதத்தின் வாசகம், சம்பளம் போடும் வங்கி. ஒவ்வொரு பயணத்துக்கும் போர்டிங் பாஸையும் பாஸ்போர்ட் முத்திரைப் பக்கத்தின் நகலையும் எடுத்து வையுங்கள். சிங்கப்பூரில் இப்போது பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதில்லை என்பதால், நாள் கணக்கை நிரூபிக்க அந்தத் தாள்கள் உங்களுக்குத் தேவைப்படும்.