65 வயதானதும் மனநலப் பிரிவு மாற வேண்டுமா?

கேள்வி: லண்டனில் இருக்கிறோம். அம்மா இருபது வருடமாக பைபோலார் நோய்க்கு (மனநிலை அளவுக்கு மீறி ஏறி இறங்கும் நோய்) லித்தியம் மாத்திரை எடுக்கிறார். அடுத்த மாதம் 65 வயதாகிறது. முதியோர் மனநலப் பிரிவுக்கு மாற்றப்போவதாகக் கடிதம் வந்திருக்கிறது. பழகிய டாக்டரை விட அவருக்கு மனமில்லை. மறுக்கலாமா?

பதில்: முதலில் காரணத்தைக் கேளுங்கள். ‘65 ஆகிவிட்டது’ என்பது மட்டும் காரணமாகாது. பிறந்தநாள் கேக் வெட்டிய மறுநாள் நோய் மாறிவிடுவதில்லையே! தகுந்த காரணமில்லாமல் வயதை மட்டும் வைத்துச் சேவையில் பாகுபாடு காட்டுவதற்கு, 2010 சமத்துவச் சட்டத்தின் கீழ் 2012 அக்டோபர் முதல் தடை இருக்கிறது. அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ்ஸுக்கும் இது பொருந்தும்.

மறதி, அடிக்கடி விழுதல், உடல் தளர்ச்சி, கூடவே பல உடல்நோய்கள் என்று ஏதாவது சேர்ந்திருந்தால் கதை வேறு. அதற்குப் பழகியவர்கள் முதியோர் பிரிவினர்தான். அங்கே போவது அம்மாவுக்கு நல்லது என்றே சொல்வேன்.

மாறினாலும் மாறாவிட்டாலும் லித்தியத்தில் கண் வையுங்கள். அது சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும். வயதாக ஆக சிறுநீரகத்தின் வேகம் குறையும். பழைய அளவு மாத்திரையே ரத்தத்தில் கூடுதலாகத் தங்கலாம். அதனால் 65-க்கு மேல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை லித்தியம் ரத்தப் பரிசோதனை வேண்டும். முழங்கால் வலிக்கு மருந்துக்கடையில் ஐபுப்ரோஃபென் வாங்கிப் போட்டுக்கொள்வது ஆபத்து. கை நடுக்கம் கூடினாலோ, நடை தள்ளாடினாலோ, வாந்தி, வயிற்றுப்போக்கு, குழப்பம் வந்தாலோ அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள்.

பிரிவு மாறும்போது நழுவுவதும் பெரும்பாலும் இந்தப் பரிசோதனைதான். பழையவர்கள் ‘அனுப்பிவிட்டோம்’ என்பார்கள், புதியவர்கள் ‘இன்னும் பார்க்கவில்லை’ என்பார்கள். இடைப்பட்ட காலத்தில் ரத்தப் பரிசோதனைக்கு எழுதித் தருவது யார் என்று எழுத்தில் வாங்குங்கள். இரு தரப்பும் சேர்ந்து உட்காரும் ஒரு சந்திப்பைக் கேளுங்கள். புதிய டாக்டர் பார்க்கும்வரை பழைய பிரிவு கைவிடக் கூடாது. அம்மா முன்பு மனநலச் சட்டத்தின் 3-ஆம் பிரிவின்படி சிகிச்சைக்காகக் கட்டாயமாக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தால், அதே சட்டத்தின் 117-ஆம் பிரிவு தரும் இலவசப் பின்பராமரிப்பு வயதைக் காட்டி முடிந்துவிடாது, அதையும் கேட்டுவையுங்கள்.

அப்புறம், அந்தச் சந்திப்பில் மொழிபெயர்ப்பாளராக நீங்கள் உட்காராதீர்கள். என்எச்எஸ் இலவசமாகவே ஏற்பாடு செய்யும். அம்மா பெருமூச்சோடு சொல்லும் ‘பரவாயில்லை’யை மகள் ‘ஃபைன்’ என்று சொல்லி முடித்துவிட்டதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.