என் மகளை ஒற்றையரிலிருந்து இரட்டையருக்கு மாறச் சொல்கிறார் கோச். மகளிர் இரட்டையர் பேட்மின்டனில் எதிர்காலம் உண்டா? அது சுலபமான வழியா?

பாதி கோர்ட் ஓடினால் போதுமே என்று நினைத்துத்தான் 'சுலபமா' என்று கேட்டிருப்பீர்கள். என் சித்தப்பாவும் இதையேதான் சொல்வார்.

கல்லூரி நாட்களில் நான்கு வருடம் இரட்டையர் ஆடியவள் நான். மாவட்டப் போட்டி, பல்கலைக்கழகப் போட்டி, அவ்வளவுதான். மேலே போகாததற்குப் பாதிக் காரணம் எனக்கு அவ்வளவுதான் திறமை. மீதிப் பாதி, என் பார்ட்னர் வங்கித் தேர்வில் தேறி, வடக்கே போஸ்டிங் வாங்கிக்கொண்டு போய்விட்டாள். வேறொரு பெண்ணோடு ஆடிப் பார்த்தேன். சர்வீஸ் போட்டபின் நெட்டுக்கு யார் போவது, நடுவில் வரும் பந்து யாருடையது என்பதிலேயே முட்டிக்கொண்டோம். ஆறு மாதத்தில் விட்டுவிட்டேன்.

அதனால் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் எனக்கு நினைவு வருவது இந்தோனேசியாவின் இரட்டையர் ஆட்டக்காரர் கிரேசியா பொலி. 1987ல் ஜகார்த்தாவில் பிறந்தவர், பூர்வீகம் மனாடோ பக்கம். அவருடைய பார்ட்னர்களின் பெயர்களை வரிசையாகச் சொன்னாலே பாதி வாழ்க்கை வரலாறு வந்துவிடும்: ஜோ நோவிதா, வித்தா மரிசா, நித்யா, மெய்லியானா, மறுபடி நித்யா, கடைசியாக அப்ரியானி. உலகத் தரவரிசையில் இடம் ஜோடிக்குத்தான், தனி ஆளுக்கு இல்லை. ஜோடி உடைந்தால் நேற்றுவரை முதல் பத்தில் இருந்தவரும் இன்னொருத்தியோடு கீழிருந்து ஏற வேண்டும்.

ஆட்டத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆண்கள் இரட்டையரில் நல்ல ஸ்மாஷ் ஒன்று புள்ளியை முடித்துவிடும். பெண்கள் இரட்டையரில் அப்படி முடியாது, பந்து திரும்பி வந்துகொண்டே இருக்கும். அடிக்கும்போது முன்னும் பின்னுமாக நிற்க வேண்டும், பந்தைத் தூக்கிவிட்டால் உடனே பக்கத்துப் பக்கத்தில் பிரிந்து தடுக்க வேண்டும். ஐம்பது அறுபது ஷாட்டுகள் போகும் ராலியில் இந்த இடமாற்றம் பத்துத் தடவையாவது நடக்கும், அதுவும் வாயைத் திறந்து பேசாமல். பாதி கோர்ட் என்பது சும்மா பேச்சு.

காசு? உலகச் சுற்றுப் போட்டிகளில் ஒற்றையர் சாம்பியனுக்குக் கிடைக்கும் தொகையைவிட இரட்டையர் ஜோடிக்குக் கிடைப்பது கொஞ்சம்தான் அதிகம். அதையும் இருவர் பங்கு போட வேண்டும். மேலே கேட்காதீர்கள்.

கிரேசியாவின் கதைக்கு வருகிறேன். 2012 லண்டன் ஒலிம்பிக். பதினாறு ஜோடிகள், நான்கு பிரிவுகள். சீனாவின் இரண்டாவது ஜோடி டென்மார்க்கிடம் எதிர்பாராமல் தோற்று, தன் பிரிவில் இரண்டாம் இடத்துக்கு இறங்கியது. உடனே மற்றவர்கள் கணக்குப் போட ஆரம்பித்தார்கள்: நாம் ஜெயித்தால் அடுத்து யார் வருவார்கள், தோற்றால் யார் வருவார்கள்? சீனாவின் முதல் ஜோடியும் ஒரு கொரிய ஜோடியும் தோற்பதற்காகவே போட்டிபோட்டுக்கொண்டு சர்வீஸை நெட்டில் அடித்தார்கள். அரங்கமே கூச்சல் போட்டது. அடுத்த ஆட்டத்தில் இன்னொரு கொரிய ஜோடிக்கு எதிரே கிரேசியாவும் மெய்லியானாவும். அதே கூத்து. தலைமை நடுவர் கறுப்பு அட்டையைக் காட்டி (போட்டியிலிருந்தே வெளியேற்றும் அட்டை அது), பிறகு அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டு ஆட்டத்தைத் தொடரவிட்டார். மறுநாள் நான்கு ஜோடிகளையும் வெளியேற்றினார்கள். கிரேசியாவுக்கு அப்போது 24 வயது.

செய்தது தப்புதான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் தோற்றால் லாபம் வரும்படி போட்டியை அமைத்தவர்களுக்கு ஒரு அட்டையும் காட்டவில்லையே! அடுத்த ஒலிம்பிக்கில் பிரிவில் இரண்டாவதாக வருபவர்களுக்குக் குலுக்கல் முறை கொண்டுவந்தார்கள். (அதே லண்டனில் நம் ஜுவாலா கட்டா, அஸ்வினி பொன்னப்பா ஜோடி இரண்டு ஆட்டங்களை ஜெயித்தும் புள்ளி வித்தியாசத்தில் வெளியேறியது. அந்த வயிற்றெரிச்சல் எனக்கு இன்னும் தீரவில்லை.)

அந்தக் கெட்ட பெயரோடு ஊர் திரும்பிய கிரேசியா, நித்யா கிரிஷிண்டாவோடு மறுபடி சேர்ந்தார். 2014 இஞ்சியோன் ஆசிய விளையாட்டில் ஜப்பானின் மட்சுடோமோ, டகாஹாஷி ஜோடியை இறுதியில் வென்று தங்கம். ஆசிய விளையாட்டின் மகளிர் இரட்டையரில் இந்தோனேசியாவுக்கு அது 36 ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்த தங்கம். 2016 ரியோவில் காலிறுதியோடு முடிந்தது. பிறகு நித்யாவின் முழங்காலில் அறுவை சிகிச்சை.

கவனியுங்கள், கிரேசியாவின் முழங்காலுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் ஆட்டம் நின்றுபோனது. ஓய்வு பெறலாம் என்றே முடிவுக்கு வந்திருந்தார். கோச் எங் ஹியன் விடவில்லை. அவரும் 2004 ஏதென்ஸில் ஆண்கள் இரட்டையரில் வெண்கலம் வாங்கியவர், ஜோடியின் அருமை தெரிந்த மனிதர். கொஞ்ச நாள் பொறு, சின்னப் பெண்களைக் கைதூக்கிவிடு என்றார். 2017ல் அப்படி வந்து சேர்ந்தவர்தான் அப்ரியானி ரஹாயு. தென்கிழக்கு சுலவேசியின் கொனாவேயிலிருந்து வந்த 19 வயதுப் பெண், கிரேசியாவைவிட ஏறக்குறைய பதினோரு வயது இளையவர். சேர்ந்த சில வாரங்களிலேயே தாய்லாந்து ஓபன் பட்டம், அதே வருடம் பிரெஞ்சு ஓபன் பட்டம்.

டோக்கியோ ஒலிம்பிக்குக்கு அவர்கள் போட்டித் தரவரிசையில் இடம் இல்லாத ஜோடியாகத்தான் போனார்கள். பிரிவு ஆட்டத்தில் ஜப்பானின் ஃபுகுஷிமா, ஹிரோடா ஜோடியை மூன்று கேம்களில் வென்றார்கள். ஹிரோடா முழங்காலில் பெரிய பட்டை கட்டிக்கொண்டு ஆடினார். இங்கேயும் ஒரு முழங்கால். காலிறுதியில் சீனா, அரையிறுதியில் கொரியா, 2021 ஆகஸ்ட் 2ஆம் தேதி இறுதியில் சீனாவின் சென் சிங்சென், ஜியா யிஃபான்.

திங்கட்கிழமை காலை அது. இரண்டாவது கேமில், ராலி நடக்கும்போதே கிரேசியாவின் ராக்கெட் நரம்பு அறுந்துபோனது. கோர்ட்டை விட்டு ஓடினார், பையிலிருந்து வேறு ராக்கெட்டை உருவினார், திரும்ப ஓடி வந்து அதே ராலியில் நின்றார். அந்தச் சில நொடிகள் முழுக் கோர்ட்டையும் அப்ரியானி ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டார். நான் பழைய பார்ட்னருக்கு வாட்ஸ்அப்பில் "பாத்தியாடி?" என்று அனுப்பினேன். "கவுண்டர்ல கூட்டம், ஸ்கோர் மட்டும் சொல்லு" என்று பதில் வந்தது. 21-19, 21-15. மகளிர் இரட்டையரில் இந்தோனேசியாவின் முதல் ஒலிம்பிக் தங்கம். ஒலிம்பிக் பேட்மின்டனின் ஐந்து வகைப் போட்டிகளிலும் தங்கம் வென்ற இரண்டாவது நாடு ஆனது, சீனாவுக்கு அடுத்து. அப்ரியானிக்கு வீட்டோடு ஐந்து மாடுகளும் தருவதாக ஊரில் அறிவித்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த பரிசு அது.

2022 ஜூனில் ஜகார்த்தாவின் இஸ்தோரா அரங்கில் கிரேசியா விடைபெற்றார். அப்ரியானி இன்னொரு இளையவரான சித்தி ஃபாடியாவோடு சேர்ந்து 2023 உலகப் போட்டியின் இறுதிவரை போனார், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பிரிவு ஆட்டங்கள் மூன்றிலும் தோற்றார்.

எதிர்காலம் உண்டா என்று கேட்டீர்கள். உண்டு. மலேசியாவின் தினா முரளிதரனைப் பாருங்கள், நம் பெயர்தான். பியர்லி டானோடு சேர்ந்து 2022 காமன்வெல்த் தங்கம், பாரிஸ் ஒலிம்பிக்கில் நான்காம் இடம், 2025 உலகப் போட்டியில் வெள்ளி. இந்தியாவில் த்ரீசா ஜாலியும் காயத்ரி கோபிசந்தும் ஆல் இங்கிலாந்து போட்டியில் இரண்டு முறை அரையிறுதி ஆடியிருக்கிறார்கள்.

சரி, உங்கள் மகளை இரட்டையருக்கு மாறச் சொன்ன கோச், யாரோடு என்று சொன்னாரா? முதலில் அதைக் கேளுங்கள். அந்தப் பெண்ணின் வீட்டுக்கும் ஒரு நடை போய், அவள் அப்பா அம்மா எத்தனை வருடம் ஆடவிடுவார்கள் என்று விசாரித்துவிட்டு வாருங்கள்.