தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு உணவை வீணாக்காமல் இருக்க எப்படிக் கற்றுக்கொடுப்பது?

மூன்றாம் வகுப்பில் உணவு வீணாவதைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டும், எங்கிருந்து தொடங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். மேலூர்ப் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் பதினெட்டு ஆண்டுகளாக ஆசிரியையாக இருக்கிறேன். எங்கே தொடங்கக் கூடாது என்பதை என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். நான் அங்கேதான் தொடங்கினேன்.

வள்ளுவர் சாப்பிடும்போது வாசுகி இலையோரம் ஒரு கிண்ணம் தண்ணீரும் ஓர் ஊசியும் வைப்பார், சிந்திய பருக்கையைக் குத்தி எடுத்துக் கழுவி உண்பதற்காக என்று ஊரில் வழங்கும் கதையைச் சொன்னேன். "தட்டில் ஒரு பருக்கைகூட மிஞ்சக் கூடாது" என்று முடித்தேன். அந்த வாரம் தட்டுகள் பளபளத்தன. தலைமையாசிரியரிடம் பெருமையடித்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை ஒன்றாம் வகுப்பறையில் ஒரே நாற்றம். சுவரோரம் போன எறும்புச் சாரையைத் தொடர்ந்தால், அது ஒரு சிறுமியின் பென்சில் டப்பாவில் முடிந்தது. உள்ளே வெள்ளிக்கிழமைச் சத்துணவு முட்டையின் மஞ்சள் கரு, கணக்கு நோட்டுத் தாளில் பத்திரமாகப் பொதிந்திருந்தது. மஞ்சள் கரு அவளுக்குத் தொண்டையை அடைக்குமாம். "மிச்சம் வைத்தால் திட்டுவீர்களே டீச்சர்" என்றாள். நான் கற்றுக்கொடுத்தது வீணாக்காமல் இருக்க அல்ல, ஒளித்து வைக்க.

(வள்ளுவர் அந்த ஊசியைக் கடைசிவரை எடுக்கவே இல்லை என்றுதான் கதை முடிகிறது. அவர் சிந்தவில்லை என்று எல்லோரும் மெச்சுகிறோம். அளவறிந்து போட்ட கையை யாரும் பேசுவதில்லை.)

ஆகவே அறிவுரையை விட்டுவிட்டுத் தராசை எடுத்தேன். கொக்கியில் மாட்டித் தொங்கவிடும் சிறிய தராசு ஒன்று வாங்கினேன். கை கழுவும் இடத்தில் ஒரு வாளி. மிச்சத்தை அதில் போட வேண்டும். யார் போட்டார்கள் என்று யாரும் பார்க்கக் கூடாது, அது கண்டிப்பு. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் இருவர் தினமும் எடைபோட்டுச் சுவரில் ஒட்டிய தாளில் எழுதுவார்கள்.

முதல் நாள் குழம்பையும் காயையும் உத்தேசமாகக் கழித்தபின் சோறு மட்டும் 2 கிலோவுக்குச் சற்று மேல் வந்தது. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை பிள்ளை ஒன்றுக்கு 100 கிராம் அரிசி என்பது சத்துணவுக் கணக்கு. ஒரு கிலோ அரிசி வெந்தால் ஏறக்குறைய மூன்று கிலோ சோறாகும். அப்படியானால் வாளியில் கிடப்பது சுமார் 700 கிராம் அரிசி. "ஏழு பேர் சோறு" என்று நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் கணக்கை முடித்தான். ஒரு கிலோ அரிசி விளைய ஏறத்தாழ 2,500 லிட்டர் தண்ணீர் ஆகும் என்பதையும் குடக்கணக்கில் போடச் சொன்னேன். 15 லிட்டர்க் குடம் என்றால் வாளிக்குள் நூறு குடத்துக்கு மேல் இருக்கிறது. பெரியாறு வாய்க்காலில் தண்ணீர் திறக்கும் நாளை வீட்டில் எப்படிக் காத்திருப்பார்கள் என்று அறிந்த பிள்ளைகள். அதற்கு மேல் நான் விளக்கவில்லை. ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கு இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். ஒரு நெற்கதிரைக் கொடுத்து மணிகளை எண்ணச் சொன்னால் போதும், அரை மணி நேரம் சத்தமே இருக்காது.

இரண்டு வாரத் தாளை வைத்துக்கொண்டு "ஏன்?" என்று மட்டும் கேட்டேன். பாடம் அங்கேதான் இருக்கிறது. திங்கட்கிழமைகளில் எடை கூடியிருந்தது. நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே பிள்ளைகள் சொல்லிவிட்டார்கள்: ஞாயிற்றுக்கிழமை விருந்தாடிகள் கையில் காசு கொடுத்துவிட்டுப் போவார்கள், திங்கள் இடைவேளையில் அது பெட்டிக்கடையில் ஐந்து ரூபாய்ப் பாக்கெட்டாக மாறும், மதியம் பசிக்காது. கடைசி வரிசையில் உட்காருபவர்களுக்குச் சோறு வருவதற்குள் முதல் வரிசை விளையாடக் கிளம்பிவிடுகிறது, இவர்கள் பாதியில் எழுந்து ஓடுகிறார்கள் என்பது இன்னொன்று.

பெரிய காரணம் கரண்டி. "ஒன்றாம் வகுப்புக்கும் இதே கரண்டிதான், ஐந்தாம் வகுப்புக்கும் இதே கரண்டிதான் டீச்சர், நான் என்ன செய்ய?" என்றார் சமையல் அக்கா. நியாயம்தானே? ஐந்து வயதுக்கும் பத்து வயதுக்கும் ஒரே வயிறா? சின்னவர்களுக்கு முதலில் அரைக் கரண்டி போட்டுவிட்டு, கேட்கக் கூச்சப்படும் பிள்ளைகளும் இருப்பார்கள் என்பதால் அக்கா தானே இரண்டாம் முறை வலம் வருவது என்று வைத்துக்கொண்டோம். உலையில் போடும் அரிசியில் ஒரு பிடிகூடக் குறைக்கவில்லை. பெரியவர்கள் மறுசோறு வாங்கினார்கள். ஒரு மாதத்தில் வாளி அரைக் கிலோவைத் தாண்டுவது அபூர்வமாயிற்று. கத்தரிக்காய் நாட்களைத் தவிர. கத்தரிக்காயிடம் நான் தோற்றுவிட்டேன்.

2022 செப்டம்பர் 15 அன்று நம் மதுரையில்தான் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கினார்கள். எங்கள் ஊர்ப் பள்ளிக்கு அது அடுத்த ஆண்டு ஆகஸ்ட்டில் வந்தது. அதற்கும் தனி வாளி, தனித் தாள்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். எங்கோ பட்டினி கிடக்கும் குழந்தையின் படத்தைக் காட்டிப் பாடம் எடுக்காதீர்கள். விடுமுறை நாளில் வயிறு நிறையாத பிள்ளை உங்கள் வகுப்பிலேயே உட்கார்ந்திருக்கலாம். அந்தப் படத்தைப் பார்த்து அது எதைக் கற்றுக்கொள்ளும்?

உரக்குழியும் போட்டிருக்கிறோம். காய்த்தோலும் காய்ந்த வேப்பஞ்சருகும் போகும். வெந்த சோற்றைப் போட்டால் புழுத்து நாறும், அது பக்கத்து வீட்டு மாட்டின் கழனித் தண்ணீருக்குப் போகிறது.

பள்ளியோடு நிறுத்தாதீர்கள். ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கை, இந்திய வீடுகளில் ஆளுக்கு ஆண்டுக்கு 55 கிலோ உணவு கழிவாகிறது என்று மதிப்பிடுகிறது. தோலும் எலும்பும் சேர்த்த கணக்குதான். ஆனாலும் நாளொன்றுக்கு 150 கிராம் வருகிறது. வீட்டில் எடைபோடச் சொன்னேன், நான்கு அம்மாக்கள் சண்டைக்கு வந்தார்கள். அதைவிடக் காதணி விழா மண்டபம். நம் பக்கத்தில் இலையில் மிச்சம் இருந்தால்தான் கவனிப்பு சரி. போதும் என்று கையால் மறைத்தால் விரலிடுக்கில் சோறு விழும். ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி அப்படி ஒரு பந்தியில் தன் மாமாவிடம், "முதலில் அரைக் கரண்டி மாமா, பிறகு கேட்கிறேன்" என்றிருக்கிறாள். மாமா மனத்தாங்கலாகி, யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டு, மறுநாள் பள்ளிக்கே வந்துவிட்டார். காபி வாங்கிக் கொடுத்துத் தாளைக் காட்டினேன். முழுதாகச் சமாதானமாகவில்லை.

பென்சில் டப்பாக்காரி இப்போது நான்காம் வகுப்பு. இன்றைக்கும் மஞ்சள் கரு இறங்காது. கடிப்பதற்கு முன்பே பிட்டு அதைப் பக்கத்துப் பையன் தட்டில் வைத்துவிட்டு, அவனிடமிருந்து வெள்ளையில் பாதியை வாங்கிக்கொள்கிறாள். நான் அந்த நேரத்தில் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பேன்.