சாக்பீஸ் கடல்

அன்புள்ள ஐயா,

அட்லாண்டிக் கடற்போர் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். பிரிட்டிஷ் கடற்படையில் பெண்களும் இருந்தார்கள் என்று ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். அவர்களைக் கடலுக்கே அனுப்பவில்லை, தட்டச்சும் சமையலும்தான் வேலை என்று படித்த ஞாபகம். அப்படியென்றால் கடற்படைப் பயிற்சி எதற்கு?

ம., திண்டுக்கல்

அன்புள்ள ம.,

ஒரே வரியில் கடந்தது என் தவறுதான். ‘ரென்’ என்று அழைக்கப்பட்ட அந்தப் பெண்கள் 1944இல் ஏறக்குறைய 74,000 பேர்.

கடலுக்கே போகவில்லை என்பது சரியல்ல. 1941 ஆகஸ்டில் ஜிப்ரால்டருக்குப் போன ‘அகிலா’ கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி மூழ்கடித்தபோது, அதிலிருந்த 21 ரென்களும் ஒரு செவிலியரும் இறந்துபோனார்கள். அந்தப் பெண்களில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

பயிற்சி என்றால் முதல் இரண்டு வாரம் பெரும்பாலும் தரை தேய்ப்பதுதான். ஆனால் அதைத் தரை என்று சொல்லக்கூடாது, கப்பலில் சொல்வதுபோல ‘டெக்’. சமையலறை ‘கேலி’ (galley). வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போனால் ‘கரைக்குப் போகிறேன்’. நாலு சுவருக்குள் இருந்துகொண்டு இதெல்லாம் வேடிக்கைதான்.

அப்புறம், இன்னொரு தரை இருந்தது. லிவர்பூலில் டெர்பி ஹவுஸ் கட்டடத்தின் மேல்மாடியில், 1942 தொடக்கத்தில் கேப்டன் கில்பர்ட் ராபர்ட்ஸ் நீர்மூழ்கிகளை எதிர்க்கும் உத்திகளுக்காக ஒரு பயிற்சிக்கூடம் தொடங்கினார். தரையில் லினோலியம் விரித்து, அதன்மேல் கட்டங்கள். பாண்டி ஆடக் கோடு போட்ட மாதிரி இருக்கும். அதுதான் அட்லாண்டிக். ரென்கள் மண்டியிட்டு, மரக்கப்பல்களை நகர்த்தி, ஒவ்வொன்றும் போன தடத்தை சாக்பீஸால் வரைவார்கள். பயிற்சிக்கு வந்த அதிகாரிகளுக்கு முழுத்தரையும் தெரியாது. இருட்டில், கப்பல் மேல்தளத்தில் நிற்பவனுக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் திரையிலிருந்த துளை வழியே தெரியும். நீர்மூழ்கியின் தடம் மட்டும் தரையோடு கலந்துபோகிற நிறத்தில் இருக்கும்.

இப்படி ஆடிப்பார்த்துத்தான், நீர்மூழ்கி கான்வாயின் (காவலோடு கூட்டமாகப் போகும் சரக்குக் கப்பல்களின்) வெளியே நின்று சுடவில்லை, பின்பக்கமாக உள்ளேயே நுழைந்துவிடுகிறது என்று பிடித்தார்கள். சுட்டதும் ஆழத்தில் பதுங்கி, கப்பல்கள் கடந்துபோகக் காத்திருக்கும். ஆகவே காவல் கப்பல்கள் முன்னால் பாயாமல் பின்னால் திரும்பித் தேடவேண்டும். இந்த உத்திக்கு ‘ராஸ்பெரி’ என்று பேர் வைத்தவர் ஜீன் லெய்ட்லா என்ற இளம் ரென். ஆங்கிலத்தில் அது வாயால் ஊதிப் பழிப்புக் காட்டும் சத்தத்துக்கும் பேர்; இங்கே பழிப்பு ஹிட்லருக்கு!

1942 நவம்பரில் அட்மிரல் மேக்ஸ் ஹார்ட்டன் பிரிட்டனின் மேற்குக் கடற்பகுதிக்குத் தளபதியாக வந்தார். முதல் உலகப்போரில் நீர்மூழ்கியிலேயே பேர் வாங்கியவர். அவரும் ஒருமுறை ஆடிப்பார்த்தார். நீர்மூழ்கி அவருடையது, காவல் கப்பல்கள் ஜேனட் ஓகெல் என்ற ரென்னுடையது. ஓகெலுக்கு இருபது வயதை ஒட்டி இருக்கும். ஆடிய ஆட்டமெல்லாம் ஹார்ட்டன் தோற்றார். ஏதோ ஏமாற்று நடக்கிறது என்று கோபப்பட்டாராம்.