மலை மேற்கே, கடல் கிழக்கே: நெல்லை–தூத்துக்குடி நிலக்காட்சிகளை எங்கிருந்து, எப்போது படமெடுப்பது?

வாசகர் கேள்வி: ஜனவரி இறுதியில் நான்கு நாள் விடுப்பில் பொதிகை மலையடிவாரம், தாமிரபரணி வயல்கள், திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரிக்காடு (செம்மணல் மேட்டு நிலம்), மணப்பாடு கடற்கரை ஆகியவற்றைப் படமெடுக்கத் திட்டமிட்டிருக்கிறேன். சென்ற முறை விடியலிலேயே எழுந்து எடுத்தும் மலைப் படங்கள் தட்டையாக வந்தன. தேரி மணல் வெளிறிய ஆரஞ்சு நிறத்தில் விழுந்தது. என்னிடம் 18–55 மி.மீ., 55–250 மி.மீ. லென்ஸ்களும், போலரைசரும் (வானின் நீலத்தை அடர்த்தியாக்கும் வடிகட்டி), டிரைபாடும் உள்ளன. வேறு லென்ஸ் வாங்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். நீங்கள் குறிப்பிடும் இரண்டு குறைகளும் கருவியால் வந்தவை அல்ல. முதலாவது நின்ற இடத்தால் வந்தது, இரண்டாவது கேமராவின் தானியங்கி அமைப்பால் வந்தது. இந்த வட்டாரத்தின் நில அமைப்பை ஒருமுறை மனத்தில் வரைந்துகொண்டால் நான்கு நாள் திட்டம் பெரும்பாலும் தானே அமைந்துவிடும். மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை ஏறத்தாழ வடக்கு–தெற்காகச் சுவர்போல் நிற்கிறது. கிழக்கே மன்னார் வளைகுடா இருக்கிறது. இடையில் தாமிரபரணி ஏறத்தாழ 128 கி.மீ. ஓடிப் புன்னைக்காயல் அருகே கடலில் சேர்கிறது. பாபநாசத்துக்கும் திருச்செந்தூருக்கும் இடையே நேர்க்கோட்டுத் தொலைவு 100 கி.மீ.க்கும் குறைவு. அந்தக் குறுகிய இடைவெளிக்குள் மழைக்காடு, நன்செய், செம்மணல் மேடு, கடற்கரை ஆகிய நான்கும் அடுத்தடுத்து வருவதற்கு மலையும் காற்றும்தான் காரணம். வெளிச்சத்தைத் தீர்மானிப்பதிலும் மலைக்கே முதல் பங்கு.

ஜனவரி கடைசி வாரத்தில் இங்கே சூரியன் காலை 6.40 வாக்கில் உதித்து மாலை 6.25 வாக்கில் மறைகிறது. உதிக்கும் இடம் நேர் கிழக்கு அன்று. கிழக்கிலிருந்து ஏறத்தாழ 19 பாகை தெற்கே தள்ளியிருக்கும். மறையும் இடமும் மேற்கிலிருந்து அதே அளவு தெற்கே விலகியிருக்கும். நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் சூரியன் ஏறக்குறையச் செங்குத்தாக ஏறி, அவ்வாறே இறங்குகிறது. எனவே அடிவானத்துக்கும் 6 பாகை உயரத்துக்கும் இடைப்பட்ட பொன்னிற ஒளி நமக்கு அரை மணி நேரத்துக்கும் குறைவாகவே கிடைக்கும். குளிர்நாட்டு ஒளிப்படக்காரர்களுக்காக எழுதப்பட்ட குறிப்புகள் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக அந்த ஒளி நீடிக்கும் என்று சொல்வதை நம்பி இங்கே இடம் தேடிக்கொண்டிருந்தால் ஒளி தீர்ந்துவிடும். இடத்தை முந்தைய நாளே பார்த்து வைத்துவிடுங்கள்.

இனி மலைப் படங்கள் தட்டையான காரணத்துக்கு வருவோம். சமவெளியிலிருந்து நேர் மேற்காக மலையைப் பார்த்தால் காலைச் சூரியன் கிட்டத்தட்ட உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும். ஒளி மலையின் முகத்தில் நேராக விழுவதால் மடிப்புகள், பள்ளத்தாக்குகள், ஓடைத் தடங்கள் எவற்றுக்கும் நிழல் இருக்காது. நிழல் இல்லாமல் ஆழம் தெரியாது. போலரைசரும் அங்கே உதவாது. சூரியனுக்கு ஏறத்தாழ 90 பாகை விலகிய வானத்தில்தான் அது முழுமையாகச் செயல்படும், சூரியனுக்கு நேர் எதிர்த் திசையில் அதைச் சுழற்றினாலும் மாற்றம் தெரியாது. தீர்வு எளிது. ஜனவரியில் கடையம், ஆழ்வார்குறிச்சிப் பக்கம் சென்று தென்மேற்காக மலையைப் பாருங்கள். அப்போது ஒளி இடப்பக்கத்திலிருந்து விழும். ஒவ்வொரு முகடும் அடுத்த முகட்டிலிருந்து பிரிந்து நிற்கும். போலரைசரும் வேலை செய்யும். ஜூன் மாதத்தில் சூரியன் கிழக்கிலிருந்து வடக்கே தள்ளி உதிப்பதால் இக்கணக்கு தலைகீழாகும். அப்போது களக்காட்டுப் பக்கமிருந்து வடமேற்காகப் பார்ப்பதே பொருத்தம். ஒரே மலையை இரு பருவங்களில் இரு ஊர்களிலிருந்து எடுக்க வேண்டியிருக்கிறது என்பதை இவ்வட்டாரத்துக்கு வரும் ஒளிப்படக்காரர்கள் பலர் கவனிப்பதில்லை.

இந்த மலைகள் சார்னோக்கைட், நைஸ் முதலிய மிகப் பழைய கடினப் பாறைகளால் ஆனவை. உச்சியில் மண் நிற்காத செங்குத்துச் சரிவுகள் வெறும் பாறையாக வெளித்தெரியும்; அவற்றின் கீழே காடு தொடங்கும். அந்த எல்லைக்கோடு படத்துக்கு நல்ல பிடிமானம். 55–250 லென்ஸில் 150 மி.மீ.க்கு மேல் வைத்து, முகடுகளை அடுக்கடுக்காகச் சேர்த்து எடுங்கள். ஆனால் காலை 9 மணிக்குள் முடித்துவிட வேண்டும். தரை சூடேறியதும் எழும் காற்றின் அலைவு தொலைவுப் படங்களின் கூர்மையைக் கெடுத்துவிடும். விலை உயர்ந்த லென்ஸும் அதைச் சரிசெய்யாது.

மாலையில் மலையடிவாரத்தில் நாள்காட்டி காட்டும் அஸ்தமன நேரத்தை நம்பாதீர்கள். நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து 15 கி.மீ. தொலைவில் 1,500 மீட்டர் உயர முகடு இருந்தால், அது அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 6 பாகை உயர்ந்து நிற்கும். சூரியன் 25 நிமிடம் முன்னதாகவே அதன் பின்னே போய்விடும். பொன்னிற ஒளி முழுவதையும் மலை விழுங்கிவிடுகிறது என்று பொருள். ஆகவே அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி வயல்களில் 4.45 மணிக்கே தயாராகுங்கள். அந்நேரத்தில் மலையை நோக்கி, வெயிலுக்கு எதிராக நின்றால் நெற்பயிரின் இலைகளுக்குள் ஒளி ஊடுருவி வரும். மலை நீல நிழலாகப் பின்னே நிற்கும். லென்ஸில் நேர் வெயில் படாமல் கையாலோ மறைப்பாலோ நிழல் கொடுத்தால் போதும். இது பிசானம் எனும் குளிர்கால நெற்பயிரின் காலம் என்பதால் பச்சைக்கும் பொன்னிறத்துக்கும் இடைப்பட்ட பல படிநிலைகள் வயலுக்கு வயல் கிடைக்கும். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் பொதிகையில் பெய்வதால்தான் தாமிரபரணி வற்றாமல் ஓடி, கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை 8 அணைக்கட்டுகளின் வழியாக இந்த வயல்களையும் குளங்களையும் நிரப்புகிறது. குளத்தில் மலையின் பிம்பம் வேண்டுமானால் காற்று எழாத காலை நேரமே ஏற்றது. பிற்பகலில் அதை எதிர்பார்க்க வேண்டாம்.

தேரிக்காட்டுக்கு ஒரு மாலை போதாது என்பது என் உறுதியான கருத்து. இரண்டு மாலைகளை ஒதுக்குங்கள். குதிரைமொழித் தேரியின் மணல் குவார்ட்ஸ் மணிகளால் ஆனது. அந்த மணிகளின் மேல் இரும்பு ஆக்சைடு மெல்லிய பூச்சாகப் படிந்திருப்பதால்தான் அந்தச் சிவப்பு. தென்மேற்குப் பருவத்தில் மலைத்தொடரின் கணவாய்கள் வழியே வேகமெடுத்து வரும் வறண்ட காற்று மணலை மேடுகளாகக் குவித்து நகர்த்தியிருக்கிறது. வடகிழக்கு மழை அதே மேடுகளை அரித்து ஓடைகளும் சிறு கரைகளுமாகச் செதுக்கியிருக்கிறது. எனவே பருவம் மாறினால் படமும் மாறும். ஜூன் முதல் ஆகஸ்டு வரை மணலில் புதிய அலைவரிகள் இருக்கும், ஆனால் வெளியில் லென்ஸை மாற்றவே கூடாத அளவுக்கு மணல் பறக்கும். ஜனவரியில் காற்று தணிந்து, மழை நீர் செதுக்கிய வடிவங்கள் தெளிவாக இருக்கும். இப்போது நீங்கள் தேட வேண்டியவை அலைவரிகளை விட இந்த ஓடைக் கரைகளே. மாலை 5 மணிக்குப் பின் தெற்கு நோக்கி நின்றால் வலப்பக்கத்திலிருந்து விழும் வெயில் ஒவ்வொரு கரைக்கும் நிழல் தரும்.

நிறம் வெளிறியதற்குக் காரணம், கேமராவின் தானியங்கி ஒயிட் பேலன்ஸ் (வெளிச்சத்தின் நிறத்துக்கேற்பப் படத்தின் நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பு), சட்டகம் முழுவதும் சிவப்பு நிறைந்திருப்பதைப் பிழையென்று எண்ணி நடுநிலையாக்க முயல்வதுதான். பகல் வெளிச்ச அமைப்பில், அதாவது 5,200 முதல் 5,500 கெல்வினில், அதை நிலையாக வையுங்கள். அடுத்து, சாதாரண ஹிஸ்டோகிராமை (படத்தின் வெளிச்ச அளவுகளைக் காட்டும் வரைபடம்) மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். மொத்த வெளிச்சம் சரியாக இருப்பதுபோல் தோன்றும்போதே சிவப்பு மட்டும் தனியாக எல்லை கடந்து, மணல்மணிகளின் நுட்பம் அழிந்து ஒரே பூச்சாகிவிடும். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியே காட்டும் ஹிஸ்டோகிராமைத் திறந்து, சிவப்பு வலது விளிம்பைத் தொடாதவாறு வெளிச்ச அளவை மூன்றில் இரண்டு பங்கு ஸ்டாப் குறைத்து, கேமரா பதிவுசெய்ததை மாற்றாமல் சேமிக்கும் ரா கோப்பாக எடுங்கள். முன்னே ஒரு உடைமரப் புதர், நடுவே ஓடை, தொலைவில் பனைகள் என்று சட்டகம் அமைந்தால், 18 மி.மீ.யில் லென்ஸின் துவாரத்தை எஃப் 8-இல் வைத்து இரண்டு மீட்டர் தூரத்தில் ஃபோகஸ் செய்யுங்கள். ஒரு மீட்டரிலிருந்து கடைசிப் பனை வரை கூர்மையாக இருக்கும். பாலைக்கு நண்பகலைச் சிறுபொழுதாக வகுத்த நம் திணை மரபை மதித்து, உச்சி வெயிலிலும் ஒரு முறை அங்கே போய்ப் பாருங்கள். நிழல் குறுகிய அந்த வெண்ணொளியில் நிறம் அழகாக இராது. ஆனால் ஒற்றைப் பனை தன் குறுகிய நிழலோடு நிற்கும் காட்சியைக் கருப்பு வெள்ளையில் எடுக்க அதைவிட நல்ல நேரம் கிடையாது.

மணப்பாட்டுக்கு ஒரு விடியல் போதும். சுண்ணாம்பால் இறுகிய மணற்பாறைக் குன்று, அதன் அருகே அலைகள் வளர்த்த மணல்திட்டு, உள்ளே அமைதியான உப்பங்கழி ஆகிய மூன்றும் சேர்ந்திருப்பதே அந்த ஊரின் சிறப்பு. சூரியனை மட்டும் குறிவைத்து எடுத்தால் எந்தக் கடற்கரையிலும் கிடைக்கும் படமே கிடைக்கும். உதயத்துக்கு 20 நிமிடம் முன்பே குன்றின் மேல் நின்று, கடலின் நுரைக்கோடும் கழியின் நீர்ப்பரப்பும் ஒரே சட்டகத்தில் வருமாறு கரையோரமாகப் பாருங்கள். மன்னார் வளைகுடாவில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு என்பதால் ஓத அட்டவணையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

வரிசையாகச் சொன்னால், முதல் நாள் காலை கடையத்தில் மலை, மாலை அம்பாசமுத்திரத்தில் வயல். இரண்டாம் நாள் காலை குளம், மாலை தேரி. மூன்றாம் நாள் விடியலில் மணப்பாடு, நண்பகலிலும் மாலையிலும் மீண்டும் தேரி. நான்காம் நாளை மேகம் மூடிவிட்ட பொழுதுக்கு ஈடாக வைத்துக்கொள்ளுங்கள். களக்காடு–முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் செல்வதற்கும், காப்புக்காடான குதிரைமொழித் தேரியில் சாலையை விட்டு உள்ளே நடப்பதற்கும் வனத்துறையிடம் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். இந்தப் பயணத்தில் ட்ரோன் எடுத்துச் செல்லாமலிருப்பதே நல்லது. கூடங்குளம் அணுமின் நிலையம், விஜயநாராயணம் கடற்படைத் தளம், குலசேகரன்பட்டினத்தில் அமையும் ராக்கெட் ஏவுதளம் ஆகியவை இதே வட்டாரத்தில் இருக்கின்றன. மணப்பாட்டிலிருந்து திரும்பியதும் டிரைபாடின் கால்களை நல்ல தண்ணீரில் கழுவி, இணைப்புகளைத் திறந்து உலர்த்திவிடுங்கள். தேரியின் நுண்மணலும் கடலின் உப்பும் ஒன்றாகச் சேர்ந்தால் அதன் திருகுகள் விரைவிலேயே இறுகிவிடும்.